பிறந்த மாதத்தின் கடைசி நாள்

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையிலேயே கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. அரை வாளித் தண்ணீரில் பாதிக் குளியல். அந்த எரிச்சலோடு உட்கார்ந்திருந்தபோது மதுரையிலிருந்து ரெஜினா கூப்பிட்டாள். ரெஜினா என்னோடு படித்தவள், என்னைப் போலவே க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட். எங்கள் தொழிலில் எந்த வம்பும் முதலில் அவளிடம்தான் வரும்.

"ஏய் உலகா, கவுன்சில்ல ரூல மாத்திட்டாங்கடி. லைசென்ஸ் புதுப்பிக்க இனிமே டிசம்பர் முப்பத்தொண்ணு கெடையாது. அவங்கவங்க பொறந்த மாசத்துக் கடைசித் தேதியாம். இந்த ஜூன்லருந்தே ஆரம்பம்."

"எதுக்காம்?"

"டிசம்பர் கடைசியில எல்லாரும் விழுந்தடிச்சு ஓடியாந்து வெப்சைட்டு படுத்துக்கிருதுல்ல? அதான் மாசவாரியா பிரிச்சு விட்டுட்டாங்க. பொறந்த நாள யாரும் மறக்க மாட்டாங்கன்னு கணக்கு."

கவுன்சிலுக்கு மூளை இருக்கிறது என்பதே எனக்குச் செய்திதான். நான் கார்த்திகைக்காரி. அப்படியென்றால் நவம்பர். முன்னைக்கு ஒரு மாதம் முந்துகிறது, அவ்வளவுதான். சுவரில் தொங்கும் மளிகைக் கடை காலண்டரில் நவம்பர் தாளைத் தூக்கி, 30-க்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, 'லைசென்ஸ்' என்று எழுதி வைத்தேன். என்னைப் போல் ஒழுங்கான ஆள் இந்தப் பாளையங்கோட்டையில் எத்தனை பேர் இருப்பார்கள்?


ஏப்ரல் 23, புதன்

கோர்ட்டு உத்தரவோடு ஒரு பெண் வந்தாள். பெயர் ஆவுடைத்தங்கம். இருபத்தொன்பது வயது, தையல் யூனிட்டில் வேலை. என் கிளினிக் வீட்டின் முன்னறைதான். அவள் உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றாள். வரவேற்பைப் பார்த்துக்கொள்ளும் மெகர்நிஷா கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

கதை இதுதான். தங்கத்துக்கு ஏழு வயதில் ஒரு மகள், தன்ஷிகா. பிரசவம் ஆனவுடன் தங்கம் இரண்டு மாதம் அழுதுகொண்டே இருந்திருக்கிறாள், பிள்ளையைத் தூக்கவில்லை. பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து சரியாகி வந்துவிட்டாள். பிரசவித்த பல பெண்களுக்கு வருவதுதான். புருஷன் கண்ணபிரானுக்கு சூரத்தில் ஜவுளி மார்க்கெட் வேலை. போன மாதம் லீவில் வந்தவன், பிள்ளையை அம்பாசமுத்திரத்துக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டுத் திருப்பி அனுப்பவில்லை. சூரத்தில் ஸ்கூல் பார்த்தாயிற்றாம். அந்தப் பதினாறு நாள் சீட்டைக் கோர்ட்டில் வைத்து, 'இவள் பைத்தியம், பிள்ளையை நம்பிக் கொடுக்க முடியாது' என்கிறான். தாயையும் மகளையும் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லி நீதிபதி எனக்கு எழுதியிருக்கிறார். ஜூலை 4-க்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். ஜூலை 22 விசாரணை. அன்றைக்கே பிள்ளை யாரிடம் என்று முடிவாகும்.

"டாக்டர், நான் பைத்தியம் இல்லன்னு ஒரு பேப்பர் எழுதித் தருவியளா?"

"நான் டாக்டர் இல்ல. பாக்காம எதையும் எழுதித் தரவும் மாட்டேன்."

"பாத்துட்டே எழுதுங்க மேடம். எம்மேல கொறை இருந்தா அதையும் எழுதுங்க. பொய்யா மட்டும் எதையும் எழுதிராதிய. அவிய பொய் எழுதித்தான் நான் இங்க வந்து நிக்கேன்."

பிடித்துப்போய்விட்டது எனக்கு. காட்டிக்கொள்ளவில்லை.


மே 4, ஞாயிறு

கத்திரி தொடக்கம். வேர்வையைத் தவிர எழுத ஒன்றுமில்லை.


மே 14, புதன்

தங்கத்துக்கு இரண்டாம் நாள் பரிசோதனை. ஐந்நூற்றுச் சொச்சம் கேள்வி கொண்ட படிவத்தை மூன்று மணி நேரம் தலை நிமிராமல் முடித்தாள். தையல்காரியின் பொறுமை. 'காரணமில்லாமல் அழுகை வந்ததுண்டா' என்ற கேள்வியில் மட்டும் பேனா நின்றது.

"உண்டுன்னு போட்டா அவியளுக்குச் சாதகமாயிருமா மேடம்?"

"உண்மை எதுவோ அதப் போடுங்க."

'உண்டு' என்று போட்டாள். அவளிடம் இப்போது எந்த நோயும் இல்லை. பிள்ளையைப் பிரிந்த வலி இருக்கிறது, அதற்கு எந்தப் புத்தகத்திலும் நோய் என்று பெயர் இல்லை.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. ஜூன் கடைசியில் ஆபரேஷன்.


ஜூன் 1, ஞாயிறு

பேங்க்காரன் 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' அனுப்பியிருக்கிறான். போன் கம்பெனிக்காரனும். இன்ஷூரன்ஸ்காரன் கேக் படம் வேறு போட்டிருக்கிறான். வருஷா வருஷம் இதே கூத்து. பள்ளிக்கூடத்தில் போட்ட பொய்த் தேதிக்கு ஊரெல்லாம் வாழ்த்து. அத்தனையையும் அழித்துவிட்டு மீன் வாங்கப் போனேன்.


ஜூன் 13, வெள்ளி

இரண்டு முறை தட்டிக்கழித்த கண்ணபிரான் இன்றைக்குத்தான் பிள்ளையைக் கூட்டிவந்தான். கெட்டவன் என்று எழுத ஆசைதான். ஆனால் பிள்ளையின் ஷூ கயிற்றை முட்டி போட்டுக் கட்டிவிட்டான், அதையும் எழுதத்தான் வேண்டும். அவனுக்குப் பிள்ளை மேல் பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. தாயிடமிருந்து பிடுங்குவதும் பாசத்தில்தான் செய்கிறான், அதுதான் கொடுமை.

தன்ஷிகா மரக்கட்டைகளைப் படத்தில் உள்ளபடி சடசடவென்று அடுக்கினாள். சின்னப் பிள்ளைகளிடம் பேட்டி எடுக்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. உண்மை எது, பொய் எது என்று பிள்ளைக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டும்.

"இந்த ரூம்ல ஒரே ஒரு சட்டம். யாரும் பொய் சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன். சரியா? பொய்ன்னா என்னன்னு தெரியுமா?"

மற்ற பிள்ளைகள் 'தப்பு தப்பா சொல்றது' என்பார்கள். இவள் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"தெரிஞ்சத தெரியாதுன்னு சொல்லுதது."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கப்பாட்ட அம்மா எங்கன்னு கேட்டேன். தெரியாதுன்னாவ. அவியளுக்குத் தெரியும்."

குறித்துக்கொண்டேன். பிறகு மெகரிடம் காப்பி கேட்டு, அது ஆறும்வரை சும்மா இருந்தேன்.


ஜூன் 27, வெள்ளி

தாயையும் மகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கடைசி அமர்வும் முடிந்தது. தங்கம் மகளுக்குத் தலைபின்னிவிட்டாள், மகள் வாய் ஓயாமல் பேசினாள். நாற்பது நிமிஷம். கண்ணபிரான் வெளியே ஹாரன் அடித்ததும் பிள்ளை ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டது. இனி எழுத வேண்டியதுதான் பாக்கி. இரண்டு நாள் வேலை.

அம்மாவுக்கு நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னை அதிகாரம் செய்துகொண்டிருக்கிறாள்.


ஜூன் 28, சனி

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும்.


ஜூன் 29, ஞாயிறு

அதே. சொட்டு மருந்து விட ஒரு நிமிஷம்தான் ஆகும் என்பது எனக்கும் தெரியும். மீதி நேரம் படுத்திருந்தேன். ஜூலை 4 வரைக்கும் நாள் கிடக்கிறது.


ஜூலை 1, செவ்வாய்

கவுன்சிலிலிருந்து ஒரு மெயில். அப்புறம் பார்க்கலாம். வெண்டைக்காய் முற்றல், கடைக்காரனோடு சண்டை. இன்று அறிக்கையில் ஆறு பக்கம் ஓடியது. நிறுத்தாமல் எழுத வேண்டும், நிறுத்தக் கூடாது.


ஜூலை 3, வியாழன்

முடித்தேன். பதினான்கு பக்கம். 'ஆவுடைத்தங்கம் தாயாக இருக்க எல்லா வகையிலும் தகுதியுள்ளவர்' என்ற வரியைத் தயங்காமல் எழுதினேன். கையெழுத்து, தேதி, பதிவு எண், முத்திரை. மெகர் நேரில் கொண்டுபோய்க் கோர்ட்டில் சேர்த்துவிட்டு வந்தாள்.

"இனி அந்தப் பிள்ளை அவ அம்மாட்ட வந்துரும்லா மேடம்?" என்றாள் மெகர்.

"வந்துரும்" என்றேன்.


ஜூலை 11, வெள்ளி

ரெஜினா கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"உலகா, கவுன்சில் லிஸ்ட்ட பாத்தியா? ஒம்பேரு செவப்புல இருக்கு. காலாவதின்னு."

"எனக்கு நவம்பர்லடி?"

"சர்டிஃபிகேட்ல ஒனக்கு என்ன தேதி?"

1.6.1978. ஜூன் ஒன்று. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பிறந்த அதே ஜூன் ஒன்று! பிறந்த மாதம் என்று ரெஜினா சொன்னபோது கார்த்திகையும் பாயசமும்தான் என் புத்திக்கு வந்தன. பள்ளிக்கூடத்துத் தேதி வரவே இல்லை. நாற்பது வருஷமாகப் படிவம் படிவமாக எழுதிய தேதி, வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. ஜூன் 30-ஓடு என் லைசென்ஸ் முடிந்திருக்கிறது. நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டது ஜூலை 3.

லைசென்ஸ் இல்லாதவள் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு? கறிவேப்பிலைக்கு உள்ள மதிப்புகூட இல்லை. தங்கத்தின் பதினான்கு பக்கமும் வெறும் காகிதம்.

கவுன்சில் மெயிலைத் தேடினேன். ஜூலை 1 வந்தது. படிக்காத மெயிலெல்லாம் தடித்த எழுத்தில் இருக்கும், இது மெலிந்து கிடந்தது. கை தவறிப் பட்டிருக்கும். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். தெரிந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா?

மெகரிடம் எல்லா அப்பாயின்ட்மென்டையும் ரத்து செய்யச் சொன்னேன். வாசல் பலகை மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினேன்.


ஜூலை 12, சனி

சாப்பிடவில்லை.


ஜூலை 13, ஞாயிறு

அம்மாவிடம் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடியோடு இருக்கிறவளிடம்.

"ஏம்மா அப்பிடி ஒரு தேதியக் குடுத்திய? உள்ள தேதியக் குடுத்தா என்ன கேடு?"

"நானா குடுத்தேன்? ஒனக்கு அஞ்சு முடியலன்னு பெரிய சாரு சேக்க மாட்டேன்னுட்டாரு. ஒங்கப்பாதான் 'வீட்டுல வச்சி மாளல சார், எப்பிடியாவது எடுத்துக்கிடுங்க'ன்னாவ. சாரு ஜூன் ஒண்ணுன்னு எழுதிக்கிட்டாரு. அன்னைக்குச் சேந்த பதினேழு பிள்ளையளுக்கும் அதே தேதிதான். ஒரு தேதில என்னட்டி இருக்கு?"

ஒரு தேதியில் என்ன இருக்கிறது என்று தங்கத்திடம் போய்க் கேட்க வேண்டும்.


ஜூலை 14, திங்கள்

கவுன்சிலுக்குப் பதினொரு முறை அடித்துப் பன்னிரண்டாவது முறை கிடைத்தது. ஒரு பெண் எடுத்தாள். மரியாதையாகத்தான் பேசினாள், அதுதான் இன்னும் வலித்தது.

"மேடம், சர்டிஃபிகேட்ல என்ன இருக்கோ அதான் எங்களுக்குப் பிறந்த தேதி. இப்ப அப்ளை பண்ணுங்க, முப்பது வேலை நாள்ல வந்துடும்."

"முன் தேதியிட்டுத் தர முடியாதா? ஜூலை ஒண்ணுலருந்து?"

"அது எப்படி மேடம் முடியும்? இடையில பார்த்த வேலை எதுவும் செல்லாது. உங்களுக்குத்தான் மூணு மெயில் போயிருக்கே."

மூன்றா? ஏப்ரலில் ஒன்று, ஜூனில் ஒன்று, ஜூலையில் ஒன்று. முதல் இரண்டும் இன்னும் தடித்த எழுத்தில்தான் இருக்கின்றன.


ஜூலை 16, புதன்

தங்கத்தின் வக்கீல் பொன்ராஜை வரச்சொல்லி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். மனுஷர் பெஞ்சை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதிர்த்தரப்பு வக்கீல் தாணுமாலயன் சாமானியப்பட்ட ஆளு இல்ல மேடம். லிஸ்ட்ட எடுத்துருப்பாரு. ரிப்போர்ட் போச்சுன்னா நம்மகிட்ட வேற ஒண்ணுமே இல்ல. புதுசா இன்னொருத்தர வச்சிப் பாக்கணும்னா வாய்தா கேக்கணும், வாய்தான்னா ரெண்டு மாசம். கண்ணபிரான் இருவத்திநாலாந்தேதி ரெயிலுக்குப் பிள்ளைக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டான்."

"வேற வழி?"

"டெஸ்டெல்லாம் ஜூன் இருவத்தேழுலயே முடிஞ்சிட்டுல்லா? கடைசிப் பக்கத்த மட்டும் ஜூன் இருவத்தெட்டுன்னு போட்டுக் குடுங்க. கோர்ட்டுல மாத்தி வைக்கிறதுக்கு ஆள் இருக்கு. ஒரு தேதிதான மேடம்."

எனக்கு வந்ததே கோபம்! "நான் தேதி திருத்துற ஆள் இல்ல வக்கீல் சார். இருவது வருஷமா இந்த முத்திரைக்கு ஒரு பேரு இருக்கு. எழுந்திரிங்க" என்றேன்.

அவர் எழுந்தார். செருப்பை மாட்டும்போது சொன்னார்: "கோவிச்சிக்கிடாதிய. நடக்கப்போறதச் சொன்னேன். பிள்ளை சூரத்துக்குப் போனா, அந்தப் பொம்பளைக்குத் திரும்பவும் பதினாறு நாள் வந்துரும். அப்போ அவம் சொன்னது உண்மையாயிரும்."

அவர் போன பிறகு அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். அம்மா அடுத்த அறையிலிருந்து, "ஏட்டி, என்னட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.


ஜூலை 18, வெள்ளி

தங்கத்திடம் சொல்லியாக வேண்டும். சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியாமத்தான மேடம் நடந்துச்சி?"

"ஆமா."

"அப்போ ஜட்ஜம்மாட்ட அதையே சொல்லுங்க. மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கு? நீங்க பொய் சொல்ல மாட்டிய, அது போதும் எனக்கு."

போகும்போது எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அவள் எனக்கு!


ஜூலை 20, ஞாயிறு

பொன்ராஜ் போனில் சொன்னார், அந்த நவம்பர் காலண்டரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டுமாம். வேண்டுமென்று செய்யவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஆணியிலிருந்து கழற்றினேன். சிவப்பு வட்டம் அப்படியே இருக்கிறது. நான் போட்டதுதான், உண்மையிலேயே நம்பித்தான் போட்டேன். அது சத்தியம்.

அதை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டும்.


ஜூலை 22, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மளிகைக் கடை காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோர்ட்டு வராந்தாவில் நின்றேன். தங்கம் கடைசிப் பெஞ்சில் இருந்தாள். மடியில் ஒரு புது ஸ்கூல் பை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரே போய்ப் பழைய ஸ்கூலில் விட்டுவிடலாம் என்று வாங்கி வந்தாளாம். எதிர் வரிசையில் கண்ணபிரான், பக்கத்தில் தன்ஷிகா. நீதிபதி ஓர் அம்மாள், நரைத்த தலை, கறாரான முகம்.

சத்தியம் வாங்கினார்கள். தாணுமாலயனின் முதல் கேள்வியே இதுதான்.

"உங்க பிறந்த தேதி என்ன?"

வாய் தானாகத் திறந்தது. "நவம்பர் இருவது, ஆயிரத்தித் தொளாயிரத்து எழுவத்தெட்டு." பதறிப்போய், "சர்டிஃபிகேட்டுல ஜூன் ஒண்ணு" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கவுன்சில் லிஸ்டை நீட்டினார். "ஆக, பிறந்த தேதியே ரெண்டு. லைசென்ஸ் முடிஞ்சது ஜூன் முப்பது. கையெழுத்து ஜூலை மூணு. இந்த அறிக்கைய எடுத்துக்கவே கூடாதுங்கம்மா."

பொன்ராஜ் எழுந்து காலண்டரை விரித்துக் காட்டினார். நவம்பர் தாள், சிவப்பு வட்டம், மேலே முருகன் படம், கீழே மளிகைக் கடை விலாசம். கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதி அம்மாளும் சிரித்துவிட்டார்.

"எனக்கும் சர்டிஃபிகேட்ல மே முப்பத்தொண்ணுதான். எங்க ஹெட்மாஸ்டர் புண்ணியம்" என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பரிசோதனை எல்லாம் லைசென்ஸ் இருக்கும்போதே முடிஞ்சிருக்கு. கையெழுத்து மட்டும்தான் மூணு நாள் பிந்தியிருக்கு. தெரியாம நடந்த தவறுன்னா இந்த அறிக்கைய நான் எடுத்துக்குவேன். தெரிஞ்சு போட்டிருந்தா மாட்டேன். லைசென்ஸ் முடிஞ்சது உங்களுக்கு எப்ப தெரியும்?"

இதை யாரும் சரிபார்க்க முடியாது. தாணுமாலயனாலும் முடியாது. தங்கம் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. நான் உண்மை சொல்வேன் என்று நம்பினாள், உண்மை அவளைக் காப்பாற்றும் என்றும் நம்பினாள்.

"ஜூலை பதினொண்ணும்மா. வெள்ளிக்கிழமை" என்றேன்.

பொய் சொல்கிறவர்கள் கேட்காத விவரத்தையும் சேர்த்துச் சொல்வார்கள் என்று மாணவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். வெள்ளிக்கிழமையா என்று என்னை யார் கேட்டது?

நீதிபதி குறித்துக்கொண்டார். கண்ணபிரானையும் தங்கத்தையும் விசாரித்து முடித்து, மூன்று மணிக்கு உத்தரவு வந்தது. அறிக்கை ஏற்கப்பட்டது. பிள்ளை தாயிடம். தகப்பன் லீவில் வரும்போது பார்க்கலாம். கண்ணபிரான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். தங்கம் ஓடிவந்து, எல்லார் முன்னாலும் என் காலில் விழப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். என் கை வேர்த்துப்போயிருந்தது.

பொன்ராஜ் காலண்டரைத் திருப்பிக் கொடுத்தார். "சத்தியத்துக்கு எப்பவும் மதிப்பு இருக்கு மேடம். நான் சொன்னதக் கேக்காம இருந்தியளே, அதான் நல்லது" என்றார். நான் காலண்டரை வாங்கிச் சுருட்டிக்கொண்டேன்.

அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை. அதைக் காப்பாற்ற நான் சொன்ன ஒரு வரிதான் பொய். தேதி திருத்த மாட்டேன் என்று ஒரு மனுஷனை வீட்டை விட்டு எழுப்பி அனுப்பினேனே, அந்த நாக்குதான் இது.


ஜூலை 23, புதன்

மெகர் அல்வா வாங்கிவந்தாள். சாப்பிட்டேன். இனித்தது.


ஜூலை 26, சனி

பலகை இன்னும் மூடித்தான் இருக்கிறது, லைசென்ஸ் வரவில்லை. சாயங்காலம் தங்கமும் பிள்ளையும் ஒரு சீப்பு ரசகதலியோடு வந்தார்கள். வேலையாக இல்லை, சும்மா பார்க்க. தங்கம் உள்ளே அம்மாவுக்குக் கண்ணில் மருந்து விடக் கற்றுக்கொண்டிருந்தாள், என்னைவிட அவளுக்குக் கை பதமாம். பிள்ளை நேரே முன்னறைக்குப் போய்க் கட்டைப் பெட்டியை இறக்கியது. நானும் எதிரே உட்கார்ந்தேன்.

"இந்த ரூம்ல யாரும் பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னியல்லா?"

"ஆமா."

"அப்போ சொல்லுங்க. ஜட்ஜம்மாட்ட எங்கம்மாவப் பத்தி என்ன சொன்னிய?"

"ஒங்கம்மா நல்ல அம்மான்னு சொன்னேன்."

"அது உண்மையா?"

"உண்மை. நூத்துக்கு நூறு."

பிள்ளை ஒரு கட்டையை வைத்தது. இன்னொன்றை வைத்தது. "எங்கப்பா, அந்தப் பொம்பளை பொய் சொல்லுதாங்காவ. காலண்டரு பொய்யாம். நீங்க தெரிஞ்சேதான் செஞ்சியளாம். ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

ஏழு வயதுப் பிள்ளை. அப்பன் சொன்னது பொய் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. அதற்கு யார் பக்கமாவது நின்றாக வேண்டும், என் பக்கம் நிற்கத்தான் வந்திருக்கிறது. காலண்டர் பொய்யில்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது உண்மை. அதைச் சொல்லி மீதியை விழுங்கியிருக்கலாம்.

"தெரியாது" என்றேன்.

பிள்ளைக்கு நிம்மதி. சிரித்தது. கட்டைகளை மளமளவென்று அடுக்கிவிட்டு அம்மாவைத் தேடி ஓடிவிட்டது.

அவர்கள் போன பிறகு இந்த டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஜூலை 1-ஆம் பக்கத்தில் வெண்டைக்காய் சண்டைக்குக் கீழே பாதிக்கு மேல் வெற்றிடம். முதலில் அந்தத் தாளைக் கிழிக்கத்தான் பிடித்தேன். மூலை கொஞ்சம் கிழிந்தும் விட்டது. நிறுத்திவிட்டேன்.

பேனாவை எடுத்து அந்த வெற்றிடத்தில் எழுதினேன்: 'காலை பத்தேகாலுக்கு மெயிலைத் திறந்து முழுக்கப் படித்தேன். லைசென்ஸ் முடிந்தது தெரிந்தது. நிறுத்தினால் கெடு தப்பிவிடும், தங்கத்துக்குப் பிள்ளை கிடைக்காது என்று மூடிவிட்டேன். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.'

கீழே தேதி போட வேண்டும். கை ஜூலை 1 என்று எழுதப் போனது.

ஜூலை 26 என்று போட்டேன்.